புரதம் 45 சதவீதம், வளர்ச்சி மட்டும் இல்லை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: இரண்டு சோயா பிண்ணாக்கு மாதிரிகளிலும் புரதம் 45 சதவீதம் என்றே ஆய்வக அறிக்கை சொல்கிறது. ஆனால் ஒன்றைத் தின்ற குஞ்சுகள் வளரவில்லை. அறிக்கை தவறா?

பதில்: அறிக்கை சரியாகவே இருக்கலாம். ஆய்வகங்கள் கையாளும் கெல்டால் முறை அளப்பது நைட்ரஜனை, அதை 6.25 ஆல் பெருக்கிப் புரதம் என்கிறார்கள். யூரியா கலந்திருந்தால் அதுவும் அந்தக் கணக்கில் ஏறிவிடும். கலப்படமே இல்லாவிட்டாலும், சோயா சரியாக வேகாதபோது, புரதச் செரிமானத்தைக் கெடுக்கும் டிரிப்சின் தடுப்பான் மிஞ்சும். அளவுக்கு மீறிச் சூடேறினால், வளர்ச்சிக்குத் தேவையான லைசின் என்ற அமினோ அமிலம் சர்க்கரையோடு பிணைந்து வீணாகும். இரண்டிலும் நைட்ரஜன் அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும். எது என்று பிரித்தறிய, தீவனத்தில் லைசின் சேர்த்துப் பாருங்கள். வளர்ச்சி தேறினால் சூடு மிஞ்சியிருக்கிறது. தேறாமல், கணையமும் பெருத்திருந்தால் வேக்காடு போதவில்லை.

கேள்வி: புரதத்தின் தரத்தை அளக்கும் வளர்ச்சிச் சோதனையை எப்படி நடத்துவது?

பதில்: வழக்கமான முறையில், பால் மறந்த 21 முதல் 28 நாள் வயதுள்ள ஆண் எலிகள் குழுவுக்குப் பத்து; 28 நாள் வளர்ப்பு. தீவனத்தில் புரதம் 10 சதவீதம். அது முழுவதும் சோதிக்கும் பொருளிலிருந்தே வர வேண்டும். மீதி மாவுச்சத்து, எண்ணெய், நார், தாது உப்பு, வைட்டமின். ஒப்பீட்டுக் குழுவுக்குப் பால் புரதமான கேசீன்.

பலர் சறுக்குவது அந்தப் பத்து சதவீதத்தில்தான். "நன்றாகத் தின்னட்டும்" என்று 20 சதவீதம் வைத்தால், தரம் குறைந்த புரதமும் அளவால் ஈடுகட்டிவிடும், வித்தியாசம் மறைந்துபோகும்.

ஓர் எலி 300 கிராம் தின்றால் உள்ளே போன புரதம் 30 கிராம். எடை 66 கிராம் கூடியிருந்தால், எடைக்கூடுதலைப் புரதத்தால் வகுத்த விகிதம் 2.2. அதே சோதனையில் கேசீனுக்கு 2.75 வந்திருந்தால், கேசீனை 2.5 என வைத்துத் திருத்துவது மரபு: 2.2 × 2.5 ÷ 2.75 = 2.0.

சிந்திய தீவனத்தைச் சேகரித்து, உலர்த்தி, எடை போட்டுக் கழியுங்கள். இதை விட்டால் நல்ல புரதமும் மட்டமாகத் தெரியும். இன்னொரு குறை: உடலைத் தாங்கச் செலவாகும் புரதத்தை இந்த விகிதம் கணக்கில் எடுப்பதில்லை. அதற்குப் புரதமில்லாத தீவனக் குழு ஒன்றையும் வைத்து, அது இழந்த சராசரி எடையை எலியின் எடைக்கூடுதலோடு கூட்டி, பிறகு உள்ளே போன புரதத்தால் வகுக்க வேண்டும். இதற்கு 10 அல்லது 14 நாள் போதும்.

கேள்வி: எலியில் கண்ட மதிப்பு கோழிக்கும் மாட்டுக்கும் செல்லுமா?

பதில்: கோழிக்கு அப்படியே செல்லாது. கோழிக்கு அர்ஜினின் என்ற அமினோ அமிலம் முழுவதும் தீவனத்திலிருந்தே வந்தாக வேண்டும். இறகு வளர்ச்சிக்குக் கந்தக அமினோ அமிலங்களும் நிறையத் தேவை. கோழித் தீவனத்தைக் குஞ்சுகளிலேயே சோதியுங்கள். மாட்டுக்கு இந்த எண் அநேகமாகப் பயனற்றது. அசைவயிற்று நுண்ணுயிர்கள் புரதத்தில் பெரும்பகுதியைச் சிதைத்துத் தம் சொந்தப் புரதமாக்கிக்கொள்கின்றன.