முதல் கோல்ஃப் செட்: ஏழு மட்டை போதும்

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எனக்கு வயது 44. உயரம் 5 அடி 4 அங்குலம். மூன்று மாதமாக சனி, ஞாயிறு காலையில் ரேஞ்சுக்கு, அதாவது அடித்துப் பழகும் திடலுக்குப் போய்ப் பழகுகிறேன். அங்கே இருக்கிற மட்டைகளில்தான் ஆட்டம். என் மேலதிகாரி தன்னுடைய பழைய முழு செட்டை 30,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். நல்ல கம்பெனி, கீறல் கூட இல்லை. ஷாஃப்டில் 'எஸ்' என்று போட்டிருக்கிறது. அயர்ன் எல்லாம் கத்தி மாதிரி மெலிசாக இருக்கின்றன. வாங்கலாமா?"

வாங்காதீர்கள். செட்டில் குறை ஒன்றும் இல்லை. அது உங்களுக்கான செட் இல்லை, அவ்வளவுதான். உங்கள் கேள்வியிலேயே அதற்கு இரண்டு தடயங்கள் இருக்கின்றன.

முதலாவது அந்த 'எஸ்'. ஷாஃப்ட் என்பது மட்டையின் தண்டு. 'எஸ்' என்றால் 'ஸ்டிஃப்', அதாவது விறைப்பான ஷாஃப்ட். மட்டையைச் சுழற்றும்போது ஷாஃப்ட் வளைந்து நிமிர்கிறது. வேகமாகச் சுழற்றுபவருக்கு விறைப்பு வேண்டும். நிதானமாகச் சுழற்றுபவர் கையில் அது போதுமான அளவு வளையாது. பந்து தாழ்வாகப் போய் வலப்பக்கம் ஒதுங்கும். ட்ரைவரின் (அதிகத் தூரம் அடிக்கும், மிக நீளமான மட்டை) தலை மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வேகம் எடுத்தால் 'ஸ்டிஃப்', அதற்குக் கீழே 'ரெகுலர்', 130-க்கும் கீழே என்றால் 'சீனியர்' என்பது பொதுவான கணக்கு. நாற்பதுக்கு மேல் தொடங்குபவர்களுக்குப் பெரும்பாலும் 'ரெகுலர்'தான் சரிப்படும். 'சீனியர்' என்ற பேரைப் பார்த்து யாரும் கூச்சப்பட வேண்டாம். பேரில்தான் வயது இருக்கிறது. விஷயம் வேகம் மட்டுமே.

இரண்டாவது, கத்தி போன்ற அயர்ன் (உலோகத் தலை கொண்ட, நடுத்தரத் தூரத்துக்கான மட்டை). இதை 'பிளேடு' என்பார்கள். எடை முழுக்க நடுவில் குவிந்திருக்கும். நடுவில் பட்டால் வெண்ணெய் போல இருக்கும். ஒரு விரல் அகலம் தள்ளிப் பட்டால் தலை முறுக்கிக்கொண்டு, விர்ரென்று அதிர்வு முழங்கை வரை ஏறும். பந்து போகும் தூரமும் குறையும். புதிதாக ஆடுகிறவருக்கு பெரும்பாலான பந்து தள்ளித்தான் படும். உங்களுக்கு வேண்டியது பின்பக்கம் குழிவான 'கேவிட்டி பேக்'. நடுவில் இருக்கும் எடையை எடுத்து ஓரங்களில் வைத்துவிட்டால், தள்ளிப் பட்டாலும் தலை அவ்வளவாகத் திரும்பாது. இந்த யோசனையை ஊரறியச் செய்தவர் பிங் என்ற கோல்ஃப் மட்டை கம்பெனியைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம். ஜெனரல் எலக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்தவர், கோல்ஃப் ஆடத் தொடங்கியதே 42 வயதில். தன் பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை) சொன்னபடி கேட்கவில்லை என்றுதான் சொந்தமாக ஒன்றைச் செய்து பார்த்தார். உங்கள் வயதில், உங்களைப் போலவே வேலைக்குப் போய்க்கொண்டு ஆடத் தொடங்கியவர் என்பதால் இதைச் சொல்கிறேன்.

சரி, எத்தனை மட்டை? விதிப்படி பையில் 14 வரை வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 1938-லும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1939-லும் வந்த வரம்பு இது. அது உச்சவரம்பு, 14 இருந்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஏழு போதும்: 5 வுட் (பெரிய தலை, தூர அடிக்கு), 5 ஹைப்ரிட் (வுட்டும் அயர்னும் கலந்தது), 7 அயர்ன், 9 அயர்ன், பிட்ச்சிங் வெட்ஜ் (கிட்டத்து அடிக்கு), 54 அல்லது 56 டிகிரி சாண்ட் வெட்ஜ் (மணலிலிருந்து எடுக்க), ஒரு பட்டர். நீளமான 3, 4 அயர்ன்களைத் தொடவே வேண்டாம். அந்தத் தூரத்துக்கு ஹைப்ரிட் பந்தைச் சுலபமாகத் தூக்கிக் கொடுக்கும்.

ட்ரைவர் எங்கே என்று கேட்பீர்கள். ஆறு மாதம் பொறுங்கள். பையிலேயே நீளமான ஷாஃப்ட்; பட்டரை விட்டால் முகத்தின் சாய்வும் அதில்தான் குறைவு. சின்னத் தப்பையும் பெரிதாக்கிக் காட்டுவது அதுதான். அதற்குள் 5 வுட்டில் டீ ஷாட், அதாவது ஒவ்வொரு குழிக்குமான முதல் அடியை அடித்துப் பழகுங்கள். பிறகு வாங்கும்போது 12 டிகிரி லாஃப்ட் (முகத்தின் சாய்வு) இருக்கிறதா பாருங்கள். 9 டிகிரியை யாராவது சலுகை விலையில் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உயரம் பற்றி. 5 அடி 4 அங்குலம் என்றதும் ஷாஃப்டை வெட்டச் சொல்லும் ஆட்கள் உண்டு. அவசரப்படாதீர்கள். உயரத்தை விட முக்கியம், செருப்பைக் கழற்றி நேராக நிற்கும்போது மணிக்கட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. கை நீளமானவருக்கும் குட்டையானவருக்கும் ஒரே உயரத்தில் வேறு வேறு மட்டை வேண்டியிருக்கும். மேலும், வெட்டினால் ஷாஃப்ட் இன்னும் விறைக்கும், தலையின் எடையும் கையில் குறைவாகத் தெரியும். முதலில் அரை அங்குலம் கீழே இறக்கிப் பிடித்து ஆடிப் பாருங்கள். அப்புறம் 7 அயர்னைத் தரையில் வைத்து அடிக்கிற நிலையில் நில்லுங்கள். தலையின் நுனி லேசாகத் தூக்கி இருப்பது இயல்பு. அடிக்கும்போது ஷாஃப்ட் கீழ்நோக்கி வளைவதால் அது சரியாகிவிடும். குதிப்பக்கம் (ஷாஃப்ட் சேரும் பக்கம்) மட்டும் தரையில் இருந்து நுனி நன்றாகத் தூக்கி நின்றால், வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து இடப்பக்கம் ஓடும். அப்படியானால் கடையில் தலைக்கும் ஷாஃப்டுக்கும் இடையிலான கோணத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

பழைய மட்டை வாங்குவது தப்பே இல்லை; புதியவர்களுக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வேன். கையில் வாங்கியதும் விரல் நகத்தை மட்டை முகத்தின் கோடுகளில் ஓட்டுங்கள். நகம் மாட்டி மாட்டி நகர வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் தேய்ந்துவிட்டது; வெட்ஜில் இது மிகவும் முக்கியம். அடுத்து கிரிப், அதாவது கைப்பிடி உறை. நம் ஊர் வெயிலில் கார் டிக்கியிலேயே கிடந்த மட்டையில் ரப்பர் கல்லாகியிருக்கும், பளபளக்கும். கிரிப் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். கடைசியாக, தலையைப் பிடித்துக்கொண்டு ஷாஃப்டைத் திருகிப் பாருங்கள். துளி ஆடினாலோ 'கிளிக்' என்று சத்தம் வந்தாலோ ஒட்டுப்பசை விட்டுவிட்டது என்று அர்த்தம். ஸ்விங் நடுவில் தலை கழன்று பறந்தால் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து. அந்த மட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆன்லைனில் பெரிய பிராண்டு பாதி விலைக்குக் கிடைத்தால் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். தெரிந்த ஆளிடம் மட்டும் வாங்குங்கள்.

புதிதாகவே வேண்டும் என்றால் டெகத்லானின் இனெசிஸ் மட்டைகளைத் தனித்தனியாக வாங்கலாம். காலவேயின் ஸ்ட்ராட்டா போன்ற தொடக்கநிலை செட்டுகளும் நல்லவைதான். பந்துக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். முதல் வருஷம் புதருக்குள்ளும் குளத்திலும் போவது நிறைய இருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். இந்த மாதம் 7 அயர்னும் பட்டரும். பட்டரை மட்டும் நீங்களே கையில் பிடித்து, பத்துப் பந்து உருட்டிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்; ஒவ்வொரு குழியிலும் அதிகம் பயன்படப் போவது அதுதான். குனிந்து நிற்கும்போது கண் பந்துக்கு நேர் மேலே வருகிறதா பாருங்கள். உங்கள் உயரத்துக்கு 33 அங்குலம் சரியாக இருக்கலாம். கடையில் பெரும்பாலும் 34, 35தான் முன்னால் நிற்கும், கேட்டு வாங்குங்கள்.

மேலதிகாரியிடம் நேரடியாக மறுக்கச் சங்கடமாக இருந்தால், அவருடைய 7 அயர்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டு வாங்கிக்கொண்டு ரேஞ்சுக்குப் போங்கள், முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு. அதில் பத்துப் பந்து, ரேஞ்சில் இருக்கும் 'ரெகுலர்' கேவிட்டி பேக்கில் பத்துப் பந்து, மாற்றி மாற்றி அடியுங்கள். பந்து போகிற இடத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அவரே உங்களுக்கு வேறு செட் தேடித் தர ஆரம்பித்துவிடுவார்.