பழைய மத ஓவியத்தைத் திரும்ப வரைவது வெறும் காப்பிதானா?

"இயேசுவின் கடைசி விருந்தை லியனார்டோ டாவின்சியே வரைந்துவிட்டார், அப்புறம் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் அதைத் திரும்ப வரைந்தது எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். காப்பிதான், ஆனால் எதைக் காப்பியடித்தார் என்று பாருங்கள். வார்ஹோல் முன்னால் வைத்துக்கொண்டது மிலான் சுவரில் 1490-களில் வரையப்பட்ட மூல ஓவியத்தை அல்ல, நம் வீட்டுக் காலண்டரில் வருவதுபோல ஊரெல்லாம் அச்சாகிக் கிடந்த மலிவுப் படங்களை. 1986 வாக்கில் அதை ஏறத்தாழ நூறு படைப்புகளாக்கினார், ஒன்றில் அதே காட்சி 60 முறை கட்டம் கட்டமாக வருகிறது.

எனக்குப் பிடித்தது அந்த வரிசையில் வேறொன்று. அதில் இயேசுவுக்கு மேலே டவ் சோப்பின் சின்னம், பக்கத்தில் பல்பு விற்ற ஜெனரல் எலக்ட்ரிக் முத்திரை, சிவப்பில் 59 சென்ட் என்று விலைச்சீட்டு. கிண்டல் மாதிரிதான் தெரியும். ஆனால் டவ் என்றால் புறா, கிறிஸ்தவ ஓவியத்தில் புறா பரிசுத்த ஆவி, பல்பு என்றால் ஒளி. சரி, விலைச்சீட்டு? அதை நான் கிண்டலாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

இத்தனைக்கும் வார்ஹோல் தவறாமல் தேவாலயம் போன கத்தோலிக்கர். 1987 ஜனவரியில் மிலானில், மூல ஓவியம் இருக்கும் இடத்துக்கு எதிரிலேயே இந்தப் படைப்புகளின் கண்காட்சி திறந்தது. அடுத்த மாதம் அவர் இறந்துவிட்டார்.