சூப்பர்வைசர் ஓடுகிறது, டேஷ்போர்டு காலி: டேட்டா மூலங்களை அமைக்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

காஃப்கா (செய்திகளை ஓடையாக வாங்கி அனுப்பும் மென்பொருள்) டாபிக்கை, அதாவது ஒரு வகைச் செய்திகளின் வரிசையை, அபாச்சி ட்ரூயிட் என்ற டேட்டாபேஸில் இணைத்தாகிவிட்டது, அதைப் படிக்கும் டாஸ்க்குகளை மேற்பார்க்கும் சூப்பர்வைசர் ‘ரன்னிங்’ என்று காட்டுகிறது, லாகில் பிழை எதுவும் இல்லை, ஆனால் டேஷ்போர்டு காலியாகவே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இன்னும் சில மூலங்களை இணைக்க வேண்டியிருப்பதால், எந்தெந்த செட்டிங்குகளை உன்னிப்பாகப் பார்க்க வேண்டும் என்பதும் கேள்வியில் இருக்கிறது. இந்த வேலையிலேயே இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இணைப்புக் கொடுப்பது இதில் சின்னப் பகுதி. நாம் எதுவும் எழுதாமல் விட்ட இடங்களில் மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் முடிவுகள்தான் ஆளைக் கவிழ்க்கும்.

முதலில் நேரத்தைப் பாருங்கள். டேஷ்போர்டை ஒதுக்கிவிட்டு, ட்ரூயிட் கன்சோலில் நேர வடிகட்டி எதுவும் போடாமல், அந்த டேபிளின் நேரப் பத்தியில் மிகக் குறைந்த மதிப்பு எது, மிக அதிக மதிப்பு எது என்று ஒரு குவெரி ஓட்டுங்கள். பதில் 1970 ஜனவரி 20, 21 வாக்கில் வந்தால் காரணம் கிடைத்துவிட்டது. டேட்டா முழுக்க உள்ளேதான் இருக்கிறது. ‘கடந்த ஒரு மணி நேரம்’ என்று தேடும் டேஷ்போர்டின் கண்ணில் படாது, அவ்வளவுதான். அனுப்புகிற நிரல் யூனிக்ஸ் நேரத்தை (1970 தொடக்கத்திலிருந்து எண்ணுவது) நொடிக் கணக்கில், 10 இலக்க எண்ணாக அனுப்புகிறது. ட்ரூயிடின் ‘ஆட்டோ’ வடிவமோ எண்ணைக் கண்டால் மில்லிநொடி என்றே எடுத்துக்கொள்ளும். மில்லிநொடி என்றால் இன்றைய தேதிக்கு 13 இலக்கம் இருந்திருக்க வேண்டும். 170 கோடி நொடி என்றால் 1970-லிருந்து 53 ஆண்டுகளுக்கு மேல். அதே எண்ணை மில்லிநொடியாகப் படித்தால் இருபது நாள்கூட ஆகாது. டைம்ஸ்டாம்ப் வடிவத்தை ‘போசிக்ஸ்’ (நொடிக் கணக்கு) என்று மாற்றுங்கள், இனி வருபவை சரியாக விழும். ஏற்கெனவே 1970-க்குப் போனவை தாமாகத் திரும்பி வராது. அவற்றை நீக்கிவிட்டு மறுபடி படிக்க வைக்க வேண்டும்.

எந்த நேரத்தை முதன்மை நேரமாக எடுப்பது என்பதையும் இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். ஒரு நிகழ்வில் அது நடந்த நேரம் இருக்கும், சர்வர் பெற்ற நேரம் இருக்கும், காஃப்கா பதிந்த நேரமும் இருக்கும். நடந்த நேரத்தை முதன்மையாக வைத்து, காஃப்கா நேரத்தை இன்னொரு பத்தியாகச் சேர்த்துக்கொள்வதுதான் என் வழக்கம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே உங்கள் தாமதத்தைச் சொல்லிவிடும். ஆனால் கைபேசியிலிருந்து வரும் நேரத்தை அப்படியே நம்ப முடியாது. யாரோ ஒருவரின் கடிகாரம் எதிர்காலத்தில் இருந்தால், அந்த ஒரு வரிக்காகத் தனி செக்மென்ட் (ட்ரூயிட் டேட்டாவை நேரவாரியாகப் பிரித்துச் சேமிக்கும் கோப்பு) உருவாகும்; இப்படிப் பல சேர்ந்தால் குட்டிக் குட்டி செக்மென்ட்களாக நிறைந்துவிடும். அதற்காகத்தான் ‘இதைவிடப் பழையதை எடுக்காதே, இதைவிட முந்திக்கொண்டு வருவதை எடுக்காதே’ என்று சொல்லும் இரண்டு செட்டிங்குகள் இருக்கின்றன. அப்புறம், நேர மண்டலம் குறிப்பிடாத நேரத்தை ட்ரூயிட் யுடிசி (உலகப் பொது நேரம்) என்றே கொள்ளும். வரைபடம் சில மணி நேரம் தள்ளித் தெரிந்தால் அங்கே பாருங்கள்.

நேரம் சரியாகவே இருக்கிறது, டேபிளில் வரிகளே இல்லை என்றால் அடுத்த சந்தேகம் ஆஃப்செட், அதாவது டாபிக்கில் எதுவரை படித்தாகிவிட்டது என்ற குறி. முதன்முறை படிக்கத் தொடங்கும்போது ட்ரூயிட் டாபிக்கின் கடைசியிலிருந்துதான் படிக்கும். பழையதிலிருந்து தொடங்கு என்று நாம்தான் சொல்ல வேண்டும். சோதனைக்காக நூறு செய்திகளை முன்கூட்டியே போட்டுவிட்டு சூப்பர்வைசரைத் தொடங்கினால் அந்த நூறும் கண்ணுக்குத் தெரியாது. இதில் இன்னொரு சிக்கல்: ஒருமுறை ஆஃப்செட் பதிவாகிவிட்டால், பிறகு அந்த செட்டிங்கை மாற்றிப் பயனில்லை. பதிவான இடத்திலிருந்துதான் தொடரும். செட்டிங்கைப் ‘பழையதிலிருந்து’ என்று வைத்து சூப்பர்வைசரை ‘ரீசெட்’ செய்தால் மறுபடி தொடக்கத்திலிருந்து படிக்கும், ஆனால் டேபிளில் ஏற்கெனவே இருக்கும் வரிகள் இரட்டிக்கும். உற்பத்திச் சூழலில் அந்தப் பட்டனில் கை வைக்கும் முன் தயவுசெய்து நிதானியுங்கள்.

நெட்வொர்க் பற்றிச் சுருக்கமாக: உங்கள் மடிக்கணினியிலிருந்து புரோக்கரை (காஃப்கா சர்வரை)த் தொட முடிகிறது என்பது போதாது. முதல் இணைப்புக்குப் பிறகு காஃப்கா ஒவ்வொரு புரோக்கரின் முகவரியையும் தானே சொல்லும். அது ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று சொன்னால், டாஸ்க் ஓடும் இயந்திரம் தன்னையே தேடிக்கொண்டிருக்கும்.

டாஸ்க் ஸ்லாட் (ஒரு டாஸ்க் ஓடுவதற்கான இடம்) கணக்கைப் பலரும் தவறவிடுகிறார்கள். டாஸ்க் எண்ணிக்கை 3, ரெப்ளிகா (ஒவ்வொன்றுக்கும் பிரதி) 2 என்று வைத்தால் 6 ஸ்லாட் போதும் என்று தோன்றும். தேவைப்படுவது 12. படிக்கும் நேரம் முடிந்ததும் (இயல்பாக ஒரு மணி நேரம்) பழைய 6 டாஸ்க்கும் தங்கள் செக்மென்ட்களை வெளியிட்டுக்கொண்டிருக்கும். அதே வேளையில் புதிய 6 படிக்கத் தொடங்க வேண்டும். இடம் இல்லையென்றால் அவை வரிசையில் நிற்கும், லேக் (இன்னும் படிக்காமல் தேங்கியிருக்கும் செய்திகளின் அளவு) ஏறும். லேக் வரைபடம் மணிக்கொரு முறை ரம்பப் பல் போல ஏறி இறங்கினால் முதலில் ஸ்லாட்டைப் பாருங்கள். இன்னொன்று, டாபிக்கில் 4 பார்ட்டிஷன் (டாபிக்கின் உட்பிரிவு) இருக்கும்போது 10 டாஸ்க் கேட்டால் 4 மட்டுமே படிக்கும். வேகம் வேண்டுமானால் பார்ட்டிஷனை முதலிலேயே தாராளமாக வையுங்கள். பின்னால் கூட்டினால் எந்த கீ (செய்தியின் அடையாளம்) எந்தப் பார்ட்டிஷனுக்குப் போகும் என்பது மாறிவிடும். அபாச்சி பினோ என்ற டேட்டாபேஸில் அப்சர்ட் (அதே கீயோடு புதிய வரி வந்தால் பழையதை மாற்றும் முறை) பயன்படுத்துகிறவர்களுக்கு அது பெரிய தொல்லை.

உடைந்த செய்திகளை என்ன செய்வது என்பதில் ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் ஒரு குணம். ட்ரூயிட் படிக்க முடியாத வரியைத் தவிர்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். இயல்பு நிலையில் லாகில்கூட எழுதாது. கிளிக்ஹவுஸ் என்ற டேட்டாபேஸில் காஃப்காவைப் படிக்கும் ‘காஃப்கா எஞ்சின்’ நேர் எதிர்: நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஒரே ஒரு கெட்ட ஜேசன் (JSON) செய்தியில் சிக்கி அங்கேயே நிற்கும். எனக்கு இரண்டாவது குணம்தான் பிடிக்கும், ஏனென்றால் நின்றால் யாராவது கவனிப்பார்கள். ஆனாலும் நடைமுறைக்கு ஏற்றது, கெட்டவற்றைத் தனி டேபிளில் ஒதுக்குவது. கிளிக்ஹவுஸில் பிழை கையாளும் முறையை ‘ஸ்ட்ரீம்’ என்று வைத்தால் பிழையும் மூலச் செய்தியும் பத்திகளாகவே கிடைக்கும், ஒரு மெட்டீரியலைஸ்டு வியூ (வருவதை வடிகட்டித் தானாக வேறு டேபிளில் எழுதும் குவெரி) போட்டுப் பிடித்துவிடலாம். ட்ரூயிடில் பிழைகளை லாகில் எழுதச் சொல்லுங்கள், எத்தனை பிழை வந்தால் டாஸ்க் நிற்க வேண்டும் என்ற வரம்பையும் வையுங்கள். டாஸ்க் ரிப்போர்ட்டில் சரியாக ஏறியவை, பிழையோடு ஏறியவை, தூக்கி எறியப்பட்டவை, படிக்க முடியாதவை என்று நான்கு எண்கள் இருக்கும். புதிய மூலம் ஒன்றை இணைத்த அன்று இந்த நான்கையும் பார்க்காமல் நான் எழுந்திருப்பதில்லை.

எண்ணிக்கை சரியாக வருகிறதா என்று சோதிக்கும்போது ரோல்அப்பை மறக்க வேண்டாம். அது ட்ரூயிடில் இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கிறது. ஒரே மாதிரியான நிகழ்வுகள் ஒரு வரியாகச் சுருங்கும், எனவே வரிகளை எண்ணினால் நிகழ்வுகளின் எண்ணிக்கை வராது. எண்ணிக்கைக்கு ஒரு மெட்ரிக் பத்தி வைத்து அதன் கூட்டுத்தொகையைக் கேட்க வேண்டும். தனித்தனி நிகழ்வு பின்னால் தேவைப்படலாம் என்றால் ரோல்அப்பை அணைத்துவிட்டே தொடங்குங்கள். சுருங்கியதை விரிக்க வழியில்லை.

அடுத்த மூலங்களை இணைக்கும் முன் மூலச் செய்திகளை அப்படியே ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் (கோப்புகளை வைக்கும் கிளவுட் சேமிப்பில்) சேமிக்க ஏற்பாடு செய்துவிடுங்கள். காஃப்கா எதையும் மாற்றாவிட்டால் 7 நாள்தான் வைத்திருக்கும். ஸ்கீமாவில் (பத்திகளின் அமைப்பில்) உள்ள பிழை எட்டாம் நாள் தெரிந்தால் மறுபடி படிக்க எதுவும் இருக்காது. அந்தக் கோப்புகளிலிருந்து மீண்டும் ஏற்றும்போது ஸ்ட்ரீம் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் நேர இடைவெளியைத் தொடாதீர்கள், இரண்டும் அதே இடைவெளிக்குப் போடும் பூட்டு (lock) மோதும். நேற்றோடு முடிந்த நாள்களை மட்டும், ஒவ்வொரு நாளாக மாற்றி எழுதுங்கள்.