மேப்வொர்க்கில் (வரைபடப் பயிற்சியில்) மார்க் போவது எங்கே? தென்னாப்பிரிக்க 12ஆம் வகுப்புப் புவியியல் கேள்வி பதில்

சாட்ஸ்வர்த் மாணவி: டீச்சர், கிரேடியன்ட் (சரிவு விகிதம்) சூத்திரம் மனப்பாடம். ஆனாலும் மேட்டுக்கும் ஓடைக்கும் 1:2000 என்று வந்தது. மேடு 680 மீ., ஓடை 560 மீ., வரைபடத்தில் இடைவெளி 4.8 செ.மீ.

1:2000 என்றால் கால்பந்துத் திடலம்மா, மேடு இல்லை! தூரத்தை 240000 செ.மீ. ஆக்கிவிட்டு, உயரத்தை 120 மீட்டராகவே விட்டிருக்கிறாய். இரண்டையும் மீட்டராக்கிய பிறகுதான் வகுக்க வேண்டும். 1:50000 வரைபடத்தில் 1 செ.மீ. என்பது 500 மீ. ஆக 4.8 × 500 = 2400; 2400 ÷ 120 = 20. விடை 1:20. ஆர்த்தோபோட்டோவில் (வரைபடம்போல் அளக்கும்படி திருத்திய வான்படத்தில்) அளந்தால் 1 செ.மீ.க்கு 100 மீ.தான். சமஉயரக் கோட்டு இடைவெளியும் வேறு: வரைபடத்தில் 20 மீ., ஆர்த்தோபோட்டோவில் 5 மீ. பரீட்சையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதால் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். எதில் அளந்தாய் என்று முதல் வரியிலேயே எழுதிக்கொள்.

ஃபீனிக்ஸ் மாணவர்: காந்த விலக்கத்தை, அதாவது உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் இடையிலான கோணத்தை, இந்த ஆண்டுக்குக் கணக்கிடும்போது ஆண்டு மாற்றத்தைக் கூட்டுவதா, கழிப்பதா?

வரைபட ஓரத்தைப் பார். விலக்கம் மேற்கு, ஆண்டு மாற்றமும் மேற்கு என்றிருந்தால் கூட்டு. மாற்றம் கிழக்கு என்றால் கழி. 2010இல் 24°10' மேற்கு, ஆண்டுக்கு 8' மேற்கு என்று வைத்துக்கொள்வோம். 2024க்கு 14 × 8 = 112'. இதை 1.12° என்று எழுதினால் போச்சு. 60 நிமிடம்தான் ஒரு பாகை, ஆகவே 1°52'. மொத்தம் 26°02' மேற்கு. உண்மைத் திசைக்கோணத்தோடு (உண்மை வடக்கிலிருந்து அளந்த கோணம்) இதைக் கூட்டினால் காந்தத் திசைக்கோணம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஒரு தாயார்: வரைபடத் தாளில் 2930CB என்றிருக்கிறதே, என்ன அது?

தெற்கு 29, கிழக்கு 30 பாகைகள் சந்திக்கும் இடம் அந்தச் சதுரத்தின் வடமேற்கு மூலை. சதுரத்தை நான்காக வெட்டுங்கள்: மேலே A, B, கீழே C, D. C-ஐ மறுபடி நான்காக்கி B-ஐ எடுங்கள். உங்கள் ஊர்த் தாள் அதுதான்.

டர்பன் மாணவி: தாழ்வழுத்தத்தில் காற்று இடஞ்சுழி என்கிறது யூடியூப். பாடநூல் வலஞ்சுழி என்கிறது.

அது வட அரைக்கோளத்தார் வீடியோ. தென் அரைக்கோளத்தில் இருக்கும் நமக்கு வலஞ்சுழிதான். குளிர்முகப்பு (முன்னேறி வரும் குளிர்காற்றின் முன் விளிம்பு) கடக்கையில் காற்று வடமேற்கிலிருந்து தென்மேற்குக்குத் திரும்பும், வெப்பம் இறங்கும், அழுத்தம் ஏறும். மூன்றையும் எழுது, "மழை பெய்யும்" என்பதோடு நிறுத்தாதே.