உண்ணிப் புதருக்குள் எத்தனை மான்?

அன்புள்ள ஐயா,

வன உயிரியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்காக முதுமலையில் உண்ணிச்செடி (லாண்டனா என்னும் களைப்புதர்) மண்டிய இடங்களிலும் திறந்த இடங்களிலும் புள்ளிமான்களை எண்ணி ஒப்பிட நினைக்கிறேன். முதல் மாதம் புதர்க்காடு, அடுத்த மாதம் திறந்த காடு. சாலையோரமாக நடந்து எண்ணினால் போதுமா?

க.

அன்புள்ள க.,

நல்ல கேள்வியைத்தான் எடுத்திருக்கிறீர்கள். சாலையோரம் மட்டும் வேண்டாம். அங்கே விலங்குகள் தெரிவதற்காகப் பாதையின் இருபுறமும் புதர் வெட்டியிருப்பார்கள். வெட்டிய இடத்தில் புல் துளிர்க்கும், மான் அதைத் தேடி வரும். காட்டுக்குள் நிலைமை வேறு.

இதைவிடப் பெரிய சிக்கல் பார்வை. திறந்த இடத்தில் பத்து மான் நின்றால் பத்தும் தெரியும். புதருக்குள் இரண்டு தெரிந்தால் அதிகம். வெறும் எண்ணிக்கையை ஒப்பிட்டு ‘உண்ணி பரவினால் மான் குறைகிறது’ என்று எழுதிவிடாதீர்கள். புதர் மறைத்ததைக் கணக்கில் சேர்க்கத்தான் நேர்கோட்டுக் கணக்கெடுப்பு இருக்கிறது: நேர்கோட்டில் நடந்து, கண்ட மந்தை கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளந்து, அதை வைத்துக் கண்ணில் படாதவற்றையும் மதிப்பிடும் முறை. வரைபடத்தில் குலுக்கல் முறையில் இடம் தேர்ந்து, ஒவ்வொரு வகைக் காட்டிலும் குறைந்தது பத்துக் கோடுகள் போடுங்கள், ஒவ்வொன்றும் சுமார் 2 கிலோமீட்டர். மந்தையைக் கண்டதும் அதன் நடுப்பகுதிக்கு உள்ள தூரத்தைத் தூரமானியாலும், திசையைத் திசைகாட்டியாலும் எடுங்கள். 40 மீட்டர் தூரம், கோட்டிலிருந்து 30 பாகைக் கோணம் என்றால் கோட்டிலிருந்து மந்தைக்கு உள்ள செங்குத்துத் தூரம் 20 மீட்டர். கோணத்தைக் கண்ணால் மதிப்பிட்டு ‘நேராகத்தான் இருக்கிறது’ என்று சுழியம் போடுவது பலரும் செய்யும் தவறு. கோட்டின் மேலேயே மான்கள் குவிந்தது போலாகி, அடர்த்தி உண்மையைவிடக் கூடிவிடும்.

ஒவ்வொரு வகைக்கும் 60 முதல் 80 மந்தைகளாவது பதிவாக வேண்டும். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மந்தை தென்பட்டால் 60 மந்தைக்கு 120 கிலோமீட்டர் நடை. இரு வகைக்கும் 240. காலையும் மாலையும் ஒவ்வொரு கோடு நடந்தால் 60 நாள். வகைக்கு ஒரு மாதம் என்று பிரிக்காதீர்கள். கோடை நெருங்க இலை உதிர்ந்து பார்வை நீளும். மானும் தண்ணீரை நோக்கி நகரும். இரண்டு வகையையும் மாற்றி மாற்றி நடங்கள்.

அடர்ந்த புதரில் கோட்டின் மேலேயே நிற்கும் மானும் தப்பிவிடலாம். அதற்குச் சரிபார்ப்பாகப் புழுக்கை எண்ணுங்கள். சிறு வட்டங்களைத் துப்புரவாக்கி, 30 நாள் கழித்துப் புதிதாக விழுந்ததை மட்டும் எண்ண வேண்டும். கடமான் புழுக்கையோடு குழம்பாமலிருக்க முன்பே பழகிக்கொள்ளுங்கள்.

அனுமதியை இப்போதே கேளுங்கள். 1972 வன உயிரினச் சட்டத்தின் 28-ஆம் பிரிவுப்படி அதைத் தருபவர் தலைமை வன உயிரினக் காப்பாளர். வரைபடம், முறை, தேதிகள், உடன் வருவோர் பட்டியல் எல்லாம் விண்ணப்பத்திலேயே இருக்கட்டும். அது கைக்கு வரும்வரை களத் தேதியை உறுதிசெய்ய வேண்டாம்.

வேட்டைத் தடுப்புக் காவலர் இல்லாமல் ஒருநாளும் கோட்டில் இறங்காதீர்கள். விடியற்காலையில் உண்ணிப் புதருக்குள் யானை நிற்பது பத்தடி தூரத்திலும் தெரியாது. அவர் திரும்பலாம் என்றால் திரும்பிவிடுங்கள். அதுவரை நடந்த தூரத்தை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள், கணக்குக்கு அதுவும் வேண்டும்.