வாசலோடு திரும்புகிறவரை உள்ளே அழைப்பது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்: பழைய தோட்டங்கள்

பழைய தோட்டங்களைப் பற்றிக் கேள்வி கேட்டு எழுதுங்கள் என்று சென்ற இதழில் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ஆதங்கம்தான்: நூறு வருடத்துக்கு மேற்பட்ட தோட்டம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, நம் ஆட்கள்தான் உள்ளே போவதில்லை. நடைமுறைக்கு உதவும் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்திருக்கிறோம்.

கேள்வி: நான்காம் ஆண்டு மாணவர்கள் 40 பேரைப் பினாங்கு தாவரவியல் தோட்டத்துக்கு அழைத்துப் போகிறோம். போன தடவை பிள்ளைகள் குரங்கைப் பார்த்துவிட்டு ரொட்டி தின்றதோடு சரி. இந்த முறை உருப்படியாக என்ன செய்யலாம்?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பட்டர்வொர்த்

குரங்கைப் பார்த்ததில் தப்பே இல்லை. அதோடு நின்றுவிட்டதுதான் குறை. 40 பேரை ஒரே வரிசையில் நடத்தினால் முன்னால் போகும் பத்துப் பேருக்குத்தான் நீங்கள் பேசுவது கேட்கும். மற்ற முப்பது பேரும் தாங்களாக ஏதாவது வேடிக்கை தேடிக்கொள்வார்கள். எட்டெட்டுப் பேராக ஐந்து குழு பிரியுங்கள், குழுவுக்கு ஒரு பெரியவர். ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு குழுவையும் ஓர் இடத்தில் தொடங்கவைத்து வட்டமாகச் சுற்றவிடுங்கள். ஓர் இடத்தில் 12 நிமிடம். நடையும் சேர்த்து ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு மேல் அந்த வயதுப் பிள்ளைகளுக்கும் பொறுமை இருக்காது, வெயிலும் ஏறிவிடும்.

ஐந்தில் ஓர் இடம் கட்டாயம் நாகலிங்க மரமாக இருக்கட்டும். பூ கிளை நுனியில் பூக்காது. அடிமரத்திலிருந்தே கயிறு கயிறாகக் காம்புகள் தொங்கும், அவற்றில்தான் பூக்கும். கீழே விழுந்த பூ ஒன்றை எடுத்துப் பிள்ளைகள் உள்ளங்கையில் வையுங்கள். மரத்திலிருந்து பறிக்க வேண்டாம். ஆறு தடித்த இதழ்கள். நடுவில் மகரந்தத் தாள்கள் வட்டமாக நிற்கும், அதன் ஒரு பக்கத்திலிருந்து படம் எடுத்த பாம்பு போல ஒரு வளைவு எழுந்து மேலே கவிந்திருக்கும். அந்தப் படத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தூக்கினால் உள்ளே சின்னதாக லிங்கம் தெரியும். வட்டத்தில் இருக்கும் மகரந்தம் விதை உண்டாக்க. படத்தில் இருக்கும் மகரந்தம் தேனீக்குச் சாப்பாடு. இந்தப் பூவில் தேன் கிடையாது, தேனீயை வரவழைக்க மரம் கண்டுபிடித்த வழி அது. சிவன் கோயிலில் பார்த்துப் பழகிய மரத்தின் பூர்விகம் தென் அமெரிக்கக் காடு என்று சொன்னால் பெரியவர்களே நம்ப மாட்டார்கள். பிள்ளைகளை மரத்தடியில் நேராக நிறுத்தாதீர்கள். பீரங்கிக் குண்டு அளவுக் காய், பழுத்தால் தானாக விழும். உடைந்தால் நாற்றம் வேறு.

இரண்டாவதாகக் கருங்கல் பாறைகள். இந்தத் தோட்டம் 1884-ல் தொடங்கியபோது பொறுப்பேற்றவர் சார்ல்ஸ் கர்ட்டிஸ். அப்போது இது கல் வெட்டி எடுத்து முடித்த பள்ளத்தாக்கு. ‘கல்லுக்குழியை எப்படித் தோட்டமாக்கினார்கள்?’ என்று கேட்டுவிட்டுப் பதிலைப் பிள்ளைகளே தேடட்டும்.

இனி குரங்கு. அங்கே இரண்டு வகை உண்டு. நீள வால் குரங்கு தரையில் திரியும். பிளாஸ்டிக் பை சலசலத்தால் சாப்பாடு என்று அதற்குத் தெரியும், பறித்துவிடும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள லோத்தோங் குரங்கு மரத்திலேயே இருக்கும், இலைதான் உணவு. அதன் வயிறு இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கும் வயிறு. ரொட்டியும் இனிப்பும் அதற்கு நோய். ஆகவே சாப்பாட்டுப் பைகள் பஸ்ஸிலேயே இருக்கட்டும், தண்ணீர் போத்தல் மட்டும் தோளில். குரங்கின் கண்ணை நேராகப் பார்க்கக் கூடாது, பல்லைக் காட்டிச் சிரிக்கக் கூடாது. இரண்டையும் அது மிரட்டலாக எடுத்துக்கொள்ளும். பயிற்சித்தாள் ஒரே பக்கம் போதும். பென்சில் கொடுங்கள். மழைத் துளி பட்டால் சில பேனாக்களின் மை கரைந்துவிடும்.

கேள்வி: தண்ணீர்மலைக் கோயிலுக்கு வருபவர்கள் படியேறி, சாமி கும்பிட்டு, வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். அதே சாலையின் முடிவில் இவ்வளவு பெரிய தாவரவியல் தோட்டம். தைப்பூசத்தன்று அவர்களை அங்கே அழைத்துப் போக இளைஞர் குழு நினைக்கிறது.
– வாசகர், ஆயர் ஈத்தாம்

எண்ணம் நல்லது, நாள்தான் சரியில்லை. தைப்பூசத்தன்று அந்தச் சாலையில், ஜாலான் கெபுன் புங்காவில், நடக்கவே இடம் இருக்காது. காவடியும் தண்ணீர்ப் பந்தலும் பார்க்க வந்தவருக்கு மரம் பார்க்க மனம் இருக்காது. தைப்பூசம் முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். பூசத்தன்று செய்ய வேண்டியது ஒன்றுதான்: பந்தலில் மோர் கொடுக்கும் கையாலேயே தேதி, நேரம், சந்திக்கும் இடம் மூன்றும் அச்சிட்ட சிறு அட்டை கொடுங்கள்.

நடைக்குத் தலைப்பு வேண்டும். ‘தோட்டம் சுற்றலாம்’ என்றால் யாரும் வரமாட்டார்கள். ‘கோயில் மரங்கள்’ என்றால் பாட்டியும் வருவார், பேரனையும் இழுத்து வருவார். நாகலிங்கம், அரசு, ஆல், மகிழம், செண்பகம், கொன்றை என்று நமக்குப் பெயர் தெரிந்த மரங்களில் எவை எங்கே நிற்கின்றன என்று ஒரு வாரம் முன்பே போய்க் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாளும் ஒரு முறை போய்ப் பாருங்கள். மரம் இருக்கும், பூ இருக்காது, அப்போது பேச்சை மாற்ற வேண்டியிருக்கும்.

காலை 8 மணிக்குத் தொடங்கி 9.15-க்குள் முடியுங்கள். வழிகாட்டி ஒருவருக்கு 15 பேர்தான். அதிகம் சேர்ந்தால் இரண்டாவது வழிகாட்டி. ஆறு ஏழு நிறுத்தம் போதும். ஒலிபெருக்கி வேண்டாம், மற்றவர்களுக்கு இடைஞ்சல். தொடங்கும் இடத்தில் உட்கார இருக்கையும் பக்கத்தில் கழிப்பறையும் இருக்க வேண்டும். வயதானவர்கள் வருவதும் வராததும் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் முடிவாகிறது. மழை பெய்த மறுநாள் பாசி படிந்த கல்படிகளைத் தவிர்த்துவிடுங்கள், சிலிப்பருக்கு அவை எமன்.

கேள்வி: ஒரு பழைய பூங்காவுக்கு எங்கள் சங்கம் இலவசமாகத் தமிழில் எழுதிக் கொடுத்தது. பலகை வந்து பார்த்தால் எழுத்தெல்லாம் உடைந்து கிடக்கிறது. நாங்கள் கொடுத்ததில் பிழையே இல்லை. எங்கே தவறு?
– வாசகர், ஜார்ஜ்டவுன்

இது நாடெங்கும் நடக்கும் கூத்து, மனம் நோகிறது. தவறு பெரும்பாலும் வடிவமைப்பாளரின் கணினியில்தான். தமிழ் எழுத்தைச் சேர்த்துக்காட்டும் வசதி திறக்கப்படாத மென்பொருளில் உங்கள் வரிகளை ஒட்டும்போது, ‘கொன்றை’யின் கொம்பு ‘க’வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும், மெய்யெழுத்தின் புள்ளி தலைமேல் உட்காராமல் பக்கத்தில் விழும். தமிழ் தெரியாதவர் கண்ணுக்கு அது தப்பாகவே தெரியாது. அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள்:

1. வரிகளை வெறும் எழுத்தாக மட்டும் அனுப்பாதீர்கள். அதே வரிகளை நீங்களே பிடிஎஃப் ஆக்கி, ‘இப்படித்தான் தெரிய வேண்டும்’ என்று எழுதிச் சேர்த்து அனுப்புங்கள்.

2. வடிவமைப்பாளர் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைப் பயன்படுத்துகிறார் என்றால் ‘வேர்ல்ட் ரெடி கம்போசர்’ தேர்வைத் திறக்கச் சொல்லுங்கள். முக்கால்வாசிப் பிழை அங்கேயே சரியாகும்.

3. கடைசிப் பிரதியில் எழுத்துகளைக் கோட்டுருவாக, அதாவது வெறும் கோட்டுப் படமாக, மாற்றச் சொல்லுங்கள். பிறகு எந்தக் கணினியில் திறந்தாலும் குலையாது.

4. பலகையின் உண்மை அளவில் ஒரு துண்டைத் தாளில் அச்சிட்டு வாங்கி, இரண்டு பேர் எழுத்தெண்ணிப் படியுங்கள். ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். கையெழுத்திட்ட பிறகு ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றக் கூடாது. மாற்றினால் முதலிலிருந்து.

இடத்தையும் முன்பே கேட்டு வாங்குங்கள். மலாய் வரிக்கு வேண்டியதைவிடத் தமிழுக்கு நான்கில் ஒரு பங்கு கூடுதல் இடம் வேண்டும், வரிகளுக்கு நடுவிலும்தான். நெருக்கினால் மேல்வரி ‘மூ’வின் வாலும் கீழ்வரி ‘கீ’யின் கொக்கியும் முட்டிக்கொள்ளும். நின்று படிக்கும் பலகையில் எழுத்து 24 புள்ளிக்குக் குறையக் கூடாது. ஒரு பலகைக்கு 60 சொல் போதும், அதற்கு மேல் யாரும் படிப்பதில்லை. முக்கியமானதைச் சிவப்பில் அச்சிடாதீர்கள். நம் வெயிலில் முதலில் வெளுப்பது சிவப்பும் மஞ்சளும், கறுப்புதான் நிற்கும். மரப்பெயர்த் தகட்டை ஆணியடித்துப் பொருத்தவும் கூடாது, கம்பியால் இறுகக் கட்டவும் கூடாது; மரம் பருக்கப் பருக்கக் கம்பி பட்டையை அறுத்து உள்ளே போய்விடும். துருப்பிடிக்காத சுருள்வில் கோத்துக் கட்டினால் மரத்தோடு சேர்ந்து அதுவும் விரியும்.

கேள்வி: அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறார். பழைய பூங்காக்களில் எங்கேயாவது மாட்டிக்கொள்கிறோம். நிர்வாகத்திடம் என்னவென்று கேட்பது?
– வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

‘வசதி செய்து கொடுங்கள்’ என்று எழுதினால் கோப்பில் தூங்கும். இடத்தையும் அளவையும் எழுதுங்கள், படமும் வையுங்கள்.

முதலில் வாசல். மோட்டார் சைக்கிள் நுழையக் கூடாதென்று வளைத்துப் போடும் இரும்புத் தடுப்புதான் பல இடங்களில் நாற்காலியையும் தடுக்கிறது. 90 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அடுத்து சரிவு: ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். 10 சென்டிமீட்டர் படியை ஏற 120 சென்டிமீட்டர் சாய்தளம் வேண்டும். கைத்தொலைபேசியில் இருக்கும் மட்ட அளவியைப் பாதையில் வைத்துப் பாருங்கள், 4.8 பாகையைத் தாண்டினால் தள்ளுபவருக்கு மூச்சு வாங்கும், இறங்கும்போது கை நழுவும். கால்வாய் மூடியின் கம்பிகள் நடக்கும் திசையிலேயே நீளமாக இருந்தால் முன் சக்கரம் உள்ளே இறங்கி நாற்காலி குப்புறக் கவிழும். அதைச் சரிசெய்யப் பணமே வேண்டாம், பல இடங்களில் மூடியைக் கழற்றிக் குறுக்காகத் திருப்பிப் போட்டாலே போதும். இதை முதலில் கேளுங்கள். சீக்கிரம் நடக்கிற ஒன்றைக் கேட்டு வாங்கினால் அடுத்ததைக் கேட்பது எளிது.

பழைய படிக்கட்டை இடித்துச் சாய்தளம் போடச் சொல்ல வேண்டாம். கோலாலம்பூர் ஏரித் தோட்டம் 1888-ல் ஆல்ஃபிரட் வென்னிங் முன்வைத்த யோசனையில் பிறந்தது. அந்த வயதுத் தோட்டங்களில் படிக்கட்டுக்குச் சற்றுத் தள்ளி மரத்தைச் சுற்றி வளைந்து செல்லும் பழைய பாதை ஒன்று இருக்கலாம். அது எங்கே என்று வாசல் வரைபடத்தில் குறித்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அரை மணி நேரத்தில் முடியும் ஒரே ஒரு சமதளச் சுற்று, அதில் 50 மீட்டருக்கு ஓர் இருக்கை, 45 சென்டிமீட்டர் உயரத்தில், எழுந்திருக்கக் கைப்பிடியுடன். இவ்வளவு இருந்தால் அம்மா மட்டுமல்ல, முழங்கால் வலிக்காரர்கள் எல்லோரும் வருவார்கள்.

கேள்வி: கூட்டம் சேர வேண்டுமென்றால் இசைவிழா, வண்ண விளக்கு என்று ஏதாவது வைக்கத்தானே வேண்டும்?
– வாசகர், செபராங் பிறை

வைக்கலாம். எங்கே என்பதுதான் கேள்வி. 1981-ல் ஃபுளோரன்ஸ் நகரில் வரலாற்றுத் தோட்டங்களுக்காக வரையப்பட்ட சாசனம் விழாவைத் தடுக்கவில்லை. எப்போதாவது நடக்கும் விழா தோட்டத்தின் அழகைக் கூட்ட வேண்டும், கெடுக்கக் கூடாது என்கிறது.

கெடுவது எப்படி என்றால், தூங்குமூஞ்சி மரத்தின் உணவு உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண் 30 முதல் 45 சென்டிமீட்டருக்குள் இருக்கிறது, கிளை நிழலையும் தாண்டிப் பரவியிருக்கிறது. மழை பெய்து நனைந்த மண்ணில் மேடை ஏற்றிய ஒரு லோரி ஒரே ஒரு தடவை போனாலும் மண் இறுகிக் காற்று புகாமல் போகும். அன்றைக்கு மரத்தில் எதுவும் தெரியாது. இரண்டு மூன்று வருடம் கழித்து உச்சிக் கிளை காயும். அதற்குள் விழா நடத்தியவர்களும் மறந்துவிடுவார்கள், காரணம் தேடினால் கிடைக்காது.

மேடையும் மின்னாக்கியும் தார்ச்சாலையிலோ வாகன நிறுத்தத்திலோ இருக்கட்டும். கூடாரத்துக்கு முளை அடிக்காமல் தண்ணீர் நிரப்பிய தொட்டியைப் பாரமாக வையுங்கள். மக்கள் நடக்கும் இடத்தில் 10 சென்டிமீட்டர் கனத்துக்கு மரச்சீவல் பரப்புங்கள். அடிமரத்தில் முட்டாமல் ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும், ஒட்டினால் பட்டை அழுகும். விளக்கை மரத்தின் மேல் பாய்ச்ச வேண்டாம். இரவில் பூவுக்கு வருவது வௌவால். நம் டுரியான் காய்ப்பதற்கே அதன் தயவு வேண்டும்.

கேள்வி: கல்யாணப் படம் எடுக்க வருபவர்கள் பூப்பாத்தியை மிதிக்கிறார்கள். தடுக்கலாமா?
– வாசகி, ஜெலுத்தோங்

தடுத்தால் வேறு பாத்தியை மிதிப்பார்கள். அவர்கள் தேடும் கோணத்திலேயே மூன்று மீட்டர் சதுரத்துக்குக் கல் பதித்துக் கொடுங்கள். அங்கேதான் நிற்பார்கள்.

கேள்வி: எங்கள் சங்கம் மானியம் கேட்கப் போகிறது. எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்பார்கள். எப்படி எண்ணுவது?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டாம். காலை 7-லிருந்து மாலை 7 வரை ஒவ்வொரு மணியிலும் முதல் 15 நிமிடம் மட்டும் எண்ணி, நான்கால் பெருக்குங்கள். இரண்டு வேலை நாள், ஒரு சனி, ஒரு ஞாயிறு, மழை நாள் ஒன்று. உள்ளே வருபவரை மட்டும் எண்ணுங்கள்; வெளியே போகிறவரையும் சேர்த்தால் கணக்கு இரட்டிக்கும். வாசலைத் தொட்டுத் தொட்டு ஓடும் ஓட்டக்காரரை ஒரு முறைதான் எண்ண வேண்டும், அவருக்குத் தனிக் கட்டம் போடுங்கள்.

இன்னொருவர் வாசலிலிருந்து 100 மீட்டர் உள்ளே நின்று அதே நேரத்தில் எண்ணட்டும். வாசலில் 80, உள்ளே 30 என்றால் 50 பேர் நடுவழியில் திரும்பியிருக்கிறார்கள். அவர்கள் திரும்பிய இடத்தில் நீங்களும் போய் நின்று பாருங்கள். நிழல் முடிந்திருக்கும், அல்லது பாதை இரண்டாகப் பிரிந்து எந்தப் பக்கம் போவது என்று சொல்லப் பலகை இருக்காது. மானியம் எதற்கு என்ற கேள்விக்கு விண்ணப்பத்தில் அந்த இடத்தின் படத்தை ஒட்டிவிடுங்கள்.