உயிர்ப்புள்ளிகளும் அனுபவ நிலைகளும் கணினியில் பிறந்தவையா?

கணினிச் சாகச விளையாட்டுகளில் காணும், அடிபட்டால் குறையும் உயிர்ப்புள்ளி, அனுபவம் சேரச் சேர உயரும் அனுபவ நிலை ஆகியவை கணினிக்காகவே உருவாக்கப்பட்டவையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை; அவை மேசை விளையாட்டிலிருந்து வந்தவை.

1824இல் பிரஷ்யப் படையதிகாரி ரைஸ்விட்ஸ் அறிமுகப்படுத்திய ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ என்னும் போர்ப் பயிற்சி விளையாட்டில், வரைபடத்தின்மீது சிறு கட்டைகள் படைகளாக நகர்ந்தன. மோதலின் விளைவைப் பகடையையும் இழப்பு அட்டவணையையும் கொண்டு ஒரு நடுவர் கணித்துச் சொன்னார். அம்மரபின் வழியில், 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டு, படைக்குப் பதிலாக ஒரேயொரு கதாபாத்திரத்தை ஒவ்வொருவரிடமும் ஒப்படைத்தது. என் பார்வையில் இவ்வரலாற்றின் மிகப் பெரிய திருப்பம் இதுவே. உயிர்ப்புள்ளிகளும் அனுபவ நிலைகளும் இதன் வழியாகவே பரவலாயின.

பகடை உருட்டுவதும் அட்டவணை பார்ப்பதும் கணினிக்கு மிக எளிய வேலைகள் என்பதால், அடுத்த சில ஆண்டுகளிலேயே பல்கலைக்கழக மாணவர்கள் இவ்விதிகளை நிரல்களாக எழுதத் தொடங்கினர். 1980இல் வந்த ‘ரோக்’ என்னும் கணினி விளையாட்டு ஒவ்வொரு முறையும் நிலவறையைப் புதிதாக அமைத்தது. கதாபாத்திரம் இறந்தால் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். 1998இல் வெளியான ‘பால்டர்ஸ் கேட்’ என்னும் கணினி விளையாட்டில் வாள்வீச்சு ஒன்றைக் கவனியுங்கள்: திரையின் கீழ்ப்பகுதியில் பகடை எண்ணும், அதனுடன் கூட்டப்படும் மதிப்பும், தாக்குதல் பலித்ததா என்பதும் ஒரே வரியில் தோன்றும். மேசையில் நடந்த அதே கணக்குத்தான் அது.

நடுவரின் கணக்கு வேலையைக் கணினி முழுமையாக ஏற்றுக்கொண்டாலும், விளையாடுபவர் எதிர்பாராத ஒன்றைச் செய்யும்போது அந்த நொடியிலேயே கதையை வளைத்துக் கொடுக்கும் மனித நடுவரின் திறன் அந்த நிரல்களுக்கு வாய்க்கவில்லை. மேசை விளையாட்டு இன்றும் செழித்திருப்பதற்கு அதையே முதன்மையான காரணமாகக் கருதுகிறேன்.